ஒரு புள்ளி எனும் அமானிதம்

வென்றவரைப் பாராட்ட நமக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. தோற்றவரைத் தேற்றவும் நாம் அறிவோம். ஆனால் வெல்லாமலும் தோற்காமலும் ஒருவர் திரும்பி வந்தால், அவரிடம் என்ன சொல்வதென்று நமக்குத் தெரிவதில்லை. 2019 செப்டம்பர் 10 அன்று இரவு, தோஹாவின் ஜாஸிம் பின் ஹமத் அரங்கை விட்டு நாங்கள் வெளியேறிக்கொண்டிருந்தபோது, எங்களுள் ஒருவரின் ஒன்பது வயது மகன் கேட்டான்: “வாப்பா, நாம ஜெயிக்கவே இல்லையே, அப்புறம் எதுக்கு எல்லாரும் கட்டிப்புடிச்சு அழுவுறாங்க?”

அன்று கத்தாரும் இந்தியாவும் கோல் ஏதுமின்றிச் சமன் செய்திருந்தன. உலகக் கோப்பைத் தகுதிச்சுற்றின் இரண்டாவது ஆட்டம் அது. அந்தச் சிறுவனுக்கு அன்றிரவு எங்களால் சரியான விடை சொல்ல இயலவில்லை. பல ஆண்டுகள் கழித்து அந்த விடையைத் தேடியே இதனை எழுதுகிறோம்.

அன்றைய கத்தார் அணி எத்தகையது என்பதை முதலில் நினைவுகூர வேண்டும். அதே ஆண்டு பிப்ரவரி 1 அன்று அபுதாபியில் ஜப்பானை 3-1 என வீழ்த்தி ஆசியக் கோப்பையை வென்ற அணி அது. அந்தத் தொடரின் ஏழு ஆட்டங்களிலும் வென்றது. ஏழிலும் சேர்த்து ஒரேயொரு கோலைத்தான் விட்டுக்கொடுத்தது. அல்மோயஸ் அலி ஒருவரே ஒன்பது கோல்கள் அடித்திருந்தார். தகுதிச்சுற்றின் முதல் ஆட்டத்தில் ஆப்கானிஸ்தானுக்கு எதிராக ஆறு கோல்கள் போட்டுவிட்டு அவர்கள் எங்கள் முன் வந்து நின்றார்கள்.

நமது அணியோ உலகத் தரவரிசையில் நூறாவது இடத்திற்கும் கீழே இருந்தது. ஐந்து நாட்களுக்கு முன்பு குவஹாத்தியில் ஓமனுக்கு எதிராக 82-ஆம் நிமிடம் வரை முன்னிலையில் இருந்து, அடுத்த சில நிமிடங்களில் இரண்டு கோல்களை வாங்கித் தோற்றிருந்தது. அந்த ஆட்டத்தில் நமக்காக கோல் அடித்த தலைவர் சுனில் சேத்ரி, காய்ச்சல் காரணமாக தோஹாவில் களமிறங்கவில்லை. “எத்தனை கோல் வாங்குவார்கள்?” என்பதே பணியிடத்தில் அன்று பகல் முழுவதும் எங்களிடம் கேட்கப்பட்ட கேள்வி.

தமிழகத்தில் அன்று ஆஷூரா நாள். நோன்பு நோற்றிருந்த குடும்பத்தினர் ஊரில் இஃப்தாரை முடித்துக்கொண்டு, இரவு பத்து மணி ஆட்டத்திற்காகத் தொலைக்காட்சி முன் காத்திருப்பதாகச் செய்தி அனுப்பியிருந்தனர். தோஹாவில் அப்போது மாலை ஏழரை மணி. ஆட்டம் தொடங்கும் நேரமும் இஷா நேரமும் நெருங்கியிருந்தன. அரங்கின் அருகிலேயே தொழுதுவிட்டு நாங்கள் உள்ளே நுழைந்தபோது ஆட்டம் தொடங்கிச் சில நிமிடங்கள் கடந்திருந்தன. செவ்வாய்க்கிழமை. மறுநாள் விடியற்காலையில் வேலைக்குச் செல்ல வேண்டியவர்களே எங்களைச் சுற்றிலும் இருந்தார்கள். கட்டடத் தொழிலாளி, ஓட்டுநர், கணக்காளர், மலையாளி, வங்காளி, பஞ்சாபி எனப் பலரும் நீலச் சட்டையில் நின்றிருந்தனர்.

“உங்களுக்கு ஊதியம் தரும் நாடு இது. முஸ்லிம் நாடும்கூட. நீங்கள் யார் பக்கம்?” என்று விளையாட்டாகவும் சில நேரங்களில் விளையாட்டல்லாமலும் எங்களிடம் கேட்பவர்கள் உண்டு. இந்தக் கேள்வியில் முரண்பாடு ஏதும் இருப்பதாக எங்களுக்குத் தோன்றியதில்லை. சோறிட்ட மண்ணுக்கு நன்றியும், பிறந்த மண்ணின் மீது பாசமும் ஒரே நெஞ்சில் இடம்பெற முடியும். தொழுகையில் ஒரே அணிவகுப்பில் தோளோடு தோள் நின்ற கத்தாரியும் நாங்களும், அரங்கத்தில் எதிரெதிர் வண்ணங்களில் அமர்ந்தோம். அதனால் எங்களது ஈமானிலோ அவரது விருந்தோம்பலிலோ குறை எதுவும் ஏற்பட்டுவிடவில்லை. எங்கள் முன்வரிசையில் பேரனுடன் அமர்ந்திருந்த கத்தாரிப் பெரியவர் ஒருவர், இடைவேளையில் தாம் வாங்கி வந்த பேரீச்சம்பழத்தை எங்கள் பிள்ளைகளுக்கும் நீட்டினார்.

ஆட்டம் பெரும்பாலும் ஒரு பக்கமாகவே நடந்தது. இருபதுக்கும் மேற்பட்ட முறை கத்தார் வீரர்கள் நமது கோலை நோக்கிப் பந்தை உதைத்தனர். அன்று தலைமைப் பொறுப்பையும் ஏற்றிருந்த கோல்காப்பாளர் குர்பிரீத் சிங் சந்து, பாய்ந்தும் விழுந்தும் விரல் நுனியால் தட்டியும் அவற்றைத் தடுத்துக்கொண்டே இருந்தார். அவருக்கு முன்னால் சந்தேஷ் ஜிங்கனும் ஆதில் கானும் தம் உடலையே குறுக்கே வைத்தனர். நடுக்களத்தில் ஸஹல் அப்துல் ஸமத், நெருக்கடியிலும் பந்தைக் காலடியில் நிறுத்தித் தோழர்கள் மூச்சுவிட அவகாசம் பெற்றுத் தந்தார். கேரளப் பெற்றோருக்கு அல் அய்னில் பிறந்தவர் அவர். வளைகுடாவில் பிள்ளை வளர்க்கும் எங்களுக்கு அவர் அந்நியராகத் தெரியவில்லை.

இரண்டாம் பாதியில் நமது அணி மெல்ல மெல்ல முன்னேறவும் செய்தது. இறுதிக் கட்டத்தில் உதாந்தா சிங் உதைத்த பந்து கோலை நெருங்கியபோது அரங்கம் முழுவதும் எழுந்து நின்றது. ஆயினும் எங்கள் கண்கள் பந்தைவிடக் கடிகாரத்தையே அதிகம் பார்த்தன. 82-ஆம் நிமிடம் வந்தது. குவஹாத்தியில் நேர்ந்தது எல்லோருக்கும் நினைவுக்கு வந்திருக்க வேண்டும். நீலச் சட்டைக் கூட்டத்தில் சில நொடிகள் யாருமே குரலெழுப்பவில்லை. எங்களுள் ஒருவர் வாய்க்குள் ஏதோ ஓதிக்கொண்டிருந்தார். அதன்பின் கடந்த ஒவ்வொரு நிமிடமும் நாங்கள் சுமந்து கடந்த நிமிடம்.

நடுவரின் இறுதி ஊதல் ஒலித்தபோது வீரர்கள் அப்படியே தரையில் சாய்ந்தனர். முன்வரிசைப் பெரியவர் திரும்பி எங்கள் கைகளைப் பற்றி, “மப்ரூக்” என்றார். அதில் கேலியில்லை. தம் அணியின் வலிமையை நன்கறிந்தவர் என்பதால், அதனைத் தாங்கி நின்றவர்களின் உழைப்பையும் அவர் அறிந்திருந்தார்.

அது வெறும் அதிர்ஷ்டம் என்று சொல்வோர் அன்றும் இருந்தனர், இன்றும் இருக்கின்றனர். 2021 ஜூன் மாதம் இதே கத்தாரிடம் தோஹாவில் 0-1 எனவும், 2023 நவம்பரில் புவனேசுவரத்தில் 0-3 எனவும் தோற்றதை அவர்கள் சான்று காட்டுகின்றனர். அதிர்ஷ்டத்திற்குப் பங்கே இல்லை என்று நாம் வாதிடமாட்டோம். ஆனால் ஒரு புள்ளிவிவரத்தை அவர்கள் முன் வைக்க விரும்புகிறோம். அந்தத் தகுதிச்சுற்றுப் பிரிவில் கத்தார் எட்டு ஆட்டங்கள் ஆடி, ஏழில் வென்று, 22 புள்ளிகளுடன் முதலிடம் பெற்றது. அவர்களால் வெல்ல முடியாமற்போன ஒரே ஆட்டம் அந்த இரவின் ஆட்டம்தான். ஓமனாலும் முடியாததை, தலைவர் இல்லாத, முந்தைய தோல்வியின் காயம் ஆறாத ஓர் அணி அவர்கள் மண்ணிலேயே செய்தது. தொண்ணூறு நிமிடங்கள் முழுவதும் ஒவ்வொருவரும் தத்தம் இடத்தைக் காத்து நிற்காவிடில் எந்த அதிர்ஷ்டமும் அதனைத் தந்திருக்காது.

பொறுமை என்ற சொல்லை நாம் பெரும்பாலும் தவறாகவே புரிந்துகொள்கிறோம். துன்பம் வரும்போது கைகட்டி அமர்ந்திருப்பதை ஸப்ர் என்று எண்ணிவிடுகிறோம். அன்று நாங்கள் கண்ட பொறுமை ஓடியது, வியர்த்தது, அடிபட்டு விழுந்து எழுந்தது. பந்து தன் பக்கம் வராத நேரத்திலும் தன் இடத்தைவிட்டு விலகாமல் நின்றது. குடும்பத்தைப் பிரிந்து பாலைவன வெயிலில் உழைத்து, மாதந்தோறும் ஊருக்குப் பணம் அனுப்பும் ஒருவர் அந்த ஆட்டத்தில் தம்மையே கண்டிருப்பார். அவரது வாழ்வில் பெரிய வெற்றிகள் அரிது. வாடகை கட்டியாயிற்று, கடனில் ஒரு தவணை குறைந்தது, மகளின் கல்லூரிக் கட்டணம் செலுத்தியாயிற்று என ஒவ்வொரு மாதத்தையும் அவர் தோற்காமல் முடிக்கிறார். அவருக்கு யாரும் கோப்பை வழங்குவதில்லை. அன்றிரவு சிலர் அழுததற்கு அதுவும் ஒரு காரணம் என்று இப்போது எங்களுக்குத் தோன்றுகிறது.

இங்கே இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அந்தப் புள்ளியை நாம் காப்பாற்றவில்லை. அடுத்த மாதம், அக்டோபர் 15 அன்று, கொல்கத்தாவில் அறுபதாயிரம் பேருக்கு மேல் திரண்டிருந்த அரங்கில் வங்கதேசத்தை எதிர்கொண்டபோது, வெற்றி உறுதி என்றே எல்லோரும் எண்ணினோம். தோஹாவில் மலைபோல் நின்ற அதே குர்பிரீத், அன்று ஒரு ஃப்ரீ கிக்கைக் கணிக்கத் தவறினார். பின்தங்கிவிட்ட அணியை 88-ஆம் நிமிடத்தில் ஆதில் கான் தலையால் முட்டிய கோல்தான் தோல்வியிலிருந்து மீட்டது. நவம்பரில் துஷான்பேயில் ஆப்கானிஸ்தானுடனும் ஆட்டத்தின் கடைசி நிமிடங்களில் அடித்த கோலால் 1-1 என்ற சமன். பின்னர் மஸ்கத்தில் ஓமனிடம் தோல்வி. எட்டு ஆட்டங்களில் ஒரே வெற்றியுடன், ஏழு புள்ளிகளுடன் நமது அணி மூன்றாமிடத்தில் நின்றது. உலகக் கோப்பைக் கனவு அத்துடன் முடிந்தது.

வலிமையானவரிடம் கடுமையாகப் போராடிவிட்டு, எளியவர் என்று கருதியவரிடம் அசட்டையாக இருந்துவிடுவது விளையாட்டுக் களத்தில் மட்டுமா நிகழ்கிறது? ரமளானில் இரவெல்லாம் நின்று வணங்கிவிட்டு, ஷவ்வாலில் ஃபஜ்ரைத் தவறவிடும் நமக்கு இது புதிய செய்தியன்று. பெரும் சோதனையில் உறுதியாக நின்ற குடும்பங்கள், சோதனை நீங்கிய பின் சிறு பேச்சில் சிதறுவதை நாம் நம் தெருக்களிலேயே பார்க்கிறோம். கடினமான ஓர் இரவில் ஈட்டியது எதுவாயினும் அது நம் கையில் தரப்பட்ட அமானிதம். அதனைச் சாதாரண நாட்களில் பேணுவதில்தான் பெரும்பாலோர் தவறுகிறோம். சிறிதாயினும் விடாது செய்யும் அமலின் சிறப்பை மதரஸா வயது முதல் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். கேட்டது நெஞ்சில் தங்கியிருக்கிறதா என்பதே கேள்வி.

நமது பிள்ளைகளிடம் நாம் எதைப் பாராட்டுகிறோம் என்பதையும் இத்துடன் சேர்த்து எண்ணிப்பார்க்க வேண்டும். கால்பந்து நம் சமூகத்திற்கு அந்நியமான விளையாட்டன்று. காயல்பட்டினத்தில் ஐக்கிய விளையாட்டுச் சங்க மைதானத்தில் நடைபெறும் அகில இந்தியப் போட்டியைக் காண முதியவர் முதல் சிறுவர் வரை திரள்வதை அறிந்தவர்கள் அதனை ஒப்புக்கொள்வர். ஆயினும் வீட்டிற்குத் திரும்பும் பிள்ளையிடம் நாம் கேட்பது, “ஜெயிச்சியா?” என்ற ஒரே கேள்வி. தேர்வானால், “முதல் இடமா?” என்கிறோம். கடினமான வினாத்தாளை விட்டு எழுந்துவிடாமல் இறுதிவரை அமர்ந்து எழுதித் தேர்ச்சி பெற்ற பிள்ளை, மதிப்பெண் பட்டியலை நீட்டும்போது தலைகுனிந்து நிற்கிறது. அந்தத் தலைகுனிவுக்கு நாமே பொறுப்பு.

கேள்வி கேட்ட சிறுவன் இப்போது வளர்ந்துவிட்டான். அவனுக்கு எங்கள் விடை இதுதான்: அவர்கள் அழுதது, தங்களால் தாங்க முடியாது என்று எல்லோரும் சொன்னதைத் தாங்கி முடித்ததற்காக, மகனே. அதில் மகிழ்வதற்கு அவர்களுக்கு உரிமை இருந்தது. ஆனால் மறுநாள் காலையிலும் அதே கவனத்துடன் எழுந்திருக்க வேண்டும் என்பதை அவர்களும் மறந்தார்கள், கைதட்டிய நாங்களும் மறந்தோம். நீ மறந்துவிடாதே.

கடினமான இரவுகளில் உறுதியையும், அதற்குப் பின்வரும் எளிய காலைகளில் விழிப்பையும் அல்லாஹ் நமக்கும் நம் பிள்ளைகளுக்கும் தந்தருள்வானாக.