யோகமும் அரைப்பேரும்

மனச்சோர்வுக்கு யோகமே மருந்து என்னும் குரல் இன்று நம் மேடைகளிலே ஓங்கி ஒலிக்கின்றது. 2014ஆம் ஆண்டின் இறுதியில் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை யூன் 21ஆம் நாளை அனைத்துலக யோக தினமாக அறிவித்த பின்னர் அக்குரலுக்கு அரச அங்கீகாரமும் கிடைத்துவிட்டது. இப்பொழுது அது தேயிலை மலைகளுக்கும் ஏறி வந்துள்ளது. அது வந்து சேர்ந்த விதத்தையே இக்கட்டுரை எதிர்க்கின்றது. யோகத்தை இகழ எனக்கு விருப்பமில்லை. திருமந்திரத்தின் மூன்றாந் தந்திரம் முழுவதையும் அதற்கென ஒதுக்கிய மரபு நம்முடையது.

எதிர்த்தரப்பாரின் வலிமை மிக்க சான்றையே முதலில் எடுத்துக்கொள்வோம். பெங்களூர்த் தேசிய உளநல, நரம்பியல் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வொன்றிலே கடும் மனச்சோர்வுற்ற 45 பேரை மூன்று சம பிரிவாக்கினர். ஒரு பிரிவினருக்கு மின்னதிர்ச்சிச் சிகிச்சை. ஒரு பிரிவினருக்கு இமிப்பிரமின் மாத்திரை. எஞ்சியோருக்குச் சுதர்சன கிரியா என்னும் மூச்சுப்பயிற்சி. நான்கு வார முடிவில் முறையே 93, 73, 67 விழுக்காட்டினர் நோய் தணிந்தவராயினர். மூச்சுப்பயிற்சி மாத்திரையை ஏறத்தாழ எட்டிப்பிடித்தது எனலாம். ஆய்வு சிறியது, எனினும் புறக்கணிக்கத்தக்கதன்று. ஆனால் அந்த 45 பேரும் எங்கே இருந்தனர்? மருத்துவமனையிலே தங்கியிருந்தனர். கூடை சுமக்கவில்லை, கொழுந்து நிறுக்கப்படும்போது நெஞ்சு படபடக்க நிற்கவில்லை, வாரந்தோறும் அவர்தம் நிலையை அளந்தறிய மருத்துவர் இருந்தனர். மேடையிலே அந்த 67 விழுக்காட்டைச் சொல்வோர் இவற்றைச் சொல்வதில்லை.

தோட்டத்துப் பெண்ணின் நாள் எத்தகையது? விடியுமுன் எழுந்து தண்ணீர் பிடித்து, அடுப்பு மூட்டி, பிள்ளையைப் பிள்ளைக்காம்பராவில் விட்டு மலைக்கு ஏறவேண்டும். மழை பெய்தாலும் அட்டை கடித்தாலும் கொழுந்தின் நிறை குறையலாகாது. குறைந்தால் அன்றைய நாள் அரைப்பேராகும். பாதிச் சம்பளம் என்பதே அதன் பொருள். ஆயிரம் ரூபா நாட்சம்பளத்துக்காக ஆண்டுக்கணக்கிற் போராடியும் 2021இலேதான் அது கிட்டியது. மாலையில் லயத்துக்குத் திரும்பினாற் கூடை இறங்குமேயன்றிச் சுமை இறங்காது. கணவன் தவறணைக்குப் போய்வந்த இரவுகளைப் பற்றி நான் விரித்துரைக்கப் போவதில்லை; மலையகத்திற் பிறந்தவர்க்கு அது புதிதன்று.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் தோட்டத்துக்கு ஒரு குழுவினர் வந்து ஞாயிற்றுக்கிழமை காலையில் யோக வகுப்பு நடத்தினர். வாரத்தில் துணி துவைக்கவும் விறகு பொறுக்கவும் எஞ்சிய ஒரே காலை அது! துன்பம் வெளியில் இல்லை, அது நம் மனத்தின் விளைவே, மனத்தை வென்றவர்க்குச் சோர்வில்லை என்று விளக்கமளித்தார் பேச வந்தவர். அடுத்த காம்பராவில் வசித்த அக்கா ஒருவர் அன்று மாலை என்னிடம் சொன்னார்: “எல்லாம் என் மனசு செய்யிற வேலையாம் தம்பி. நான்தான் சரியில்ல போல.” அவர் மாதக்கணக்காக உறக்கமின்றி வாடியவர். நெஞ்சு அடைக்கின்றது, உடம்பெல்லாம் எரிகின்றது என்று வைத்தியசாலைக்குப் போனபோது, அவர் மொழி அறியாத வைத்தியர் வயிற்றெரிவுக்கு மாத்திரை கொடுத்து அனுப்பியிருந்தார். அங்கே நோய்க்குப் பெயரே கிடைக்கவில்லை. வகுப்பிலோ பெயரோடு பழியும் கிடைத்தது.

இதனைவிடப் பொறுப்பாகச் செய்துகாட்டியவர் நம் நாட்டிலேயே உண்டு. யாழ்ப்பாணத்திலே போரினால் நொந்தவரிடையே பணியாற்றிய உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம், மூச்சுப்பயிற்சி, மந்திரம் செபித்தல், தசைத்தளர்வு ஆகிய மரபுவழி முறைகளைச் சிகிச்சையிலே சேர்த்துக்கொண்டார். அங்கே நோயாளியின் மொழியிலே கேட்கும் காது முதலில் இருந்தது. பயிற்சி அதனோடு சேர்ந்தது. மலையகத்திலே காதை விடுத்துப் பயிற்சியை மட்டும் அனுப்புகின்றனர். 1926 என்னும் தேசிய உளநல உதவித் தொலைபேசி எண்ணை லயங்களில் எத்தனை பேர் அறிவர்?

பணமில்லை, உளமருத்துவர் போதாது என்பர். 2008இல் வெளியான பாகிஸ்தான் ஆய்வொன்று இதற்கு விடை கூறுகின்றது. ராவல்பிண்டிக் கிராமப்புறங்களிலே சாதாரண சுகாதாரப் பணிப்பெண்களுக்குப் பயிற்சியளித்து, மனச்சோர்வுற்ற தாய்மாரின் வீடுகளுக்கே அனுப்பினர். குழந்தை பிறந்து ஆறு மாதமானபோது அவர்களிடம் உதவி பெற்றோருள் 23 விழுக்காட்டினரே சோர்வுற்றிருந்தனர். ஏனையோருள் 53 விழுக்காட்டினர். நம் லயங்களிலே படித்துவிட்டு வேலையின்றியிருக்கும் பெண்களுக்கு இப்பயிற்சியை அளிக்கத் தடை யாது? பேச்சோடு மூச்சுப்பயிற்சியையும் அவர்களே கற்பிக்கலாம்.

ஆகவே யோக வகுப்பு நடத்த விழைவோரிடம் நாம் கேட்கவேண்டியது ஒன்றுண்டு. யோகம் உண்மையிலே மருந்தாயின், அதனை ஞாயிற்றுக்கிழமையிலே வைக்காதீர்கள். வேலை நாளிலே, வேலை நேரத்துள், வாரத்துக்கு மூன்று முறை ஒவ்வொரு மணிநேரம் ஒதுக்குமாறு தோட்ட நிர்வாகத்திடம் கேளுங்கள். அந்நேரத்தில் பறிக்காத கொழுந்துக்காக எவருக்கும் அரைப்பேர் விழலாகாது என்று எழுத்திலே வாங்குங்கள். தமிழிலே பேசும் வைத்தியர் மாதம் ஒருமுறையேனும் தோட்டத்துக்கு வர வழி செய்யுங்கள். அதன் பின்னர் பாயை விரியுங்கள். அந்த அக்காவை நானே அழைத்து வருவேன்.