அணுக்கருவுக்கு வந்த விருந்தாளி

அணுவின் கருவில் புரோட்டான், நியூட்ரான் என்னும் இருவகைத் துகள்களே குடியிருக்கின்றன என்று பாடசாலையில் படித்திருக்கிறோம். ஆயினும் மூன்றாவதாக ஒரு விருந்தாளி அங்கே வந்து போவதுண்டு. ஒரு விநாடியை ஆயிரங் கோடி பங்காக்கினால், அதில் இரண்டு மூன்று பங்கே அது தங்கும் காலம். அதன் பெயர் லாம்டா. புரோட்டானைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு கனம் அதிகம்.

1952-ம் வருஷம் போலந்து தேசத்து வார்ஸா நகரில் டானிஷ், ப்னியெவ்ஸ்கி என்ற இரு விஞ்ஞானிகள், பலூனில் வானத்துக்கு அனுப்பிய புகைப்படப் பூச்சை ஆராய்ந்தார்கள். காஸ்மிக் கிரணம் தாக்கி அதில் ஓர் அணுக்கரு சிதறியிருந்தது. சிதறிய துண்டுகளுள் ஒன்று சற்று ஓடி, பிறகு தானும் வெடித்திருந்தது. சாதாரணத் துண்டு அத்தனை நேரம் பொறுத்து வெடிக்காது. உள்ளே லாம்டா சிக்கியிருந்ததே காரணம். இத்தகைய கருவுக்கு 'ஹைப்பர் கரு' என்று பெயர்.

ஹீலியம் கருவில் இரண்டு புரோட்டான்களும் இரண்டு நியூட்ரான்களும் உள்ளன. ஐந்தாவதாக ஒரு நியூட்ரானைச் சேர்த்தால் அது நிலைப்பதில்லை. கீழ் ஆசனங்கள் நிரம்பிவிட்டன. ஓர் ஆசனத்தில் அதே இனத்தார் ஒருவருக்குமேல் அமரலாகாது என்பது பௌலி 1925-ல் கண்ட விதி. லாம்டாவோ வேற்றினம். ஆகவே தடையின்றி அடி ஆசனத்திலேயே அமர்ந்துவிடுகிறது! அதைப் பெயர்த்தெடுக்கச் சுமார் 3 மெகா எலெக்ட்ரான் வோல்ட் சக்தி வேண்டும். ஈயக் கருவிலிருந்து பெயர்க்கவோ சுமார் 26 வேண்டும். இதுவே பிணைப்புச் சக்தி.

இன்று காஸ்மிக் கிரணத்தை எதிர்பார்த்திருக்க வேண்டியதில்லை. கேயான் என்னும் துகளைக் கருவின்மீது செலுத்தினால் உள்ளிருக்கும் நியூட்ரான் ஒன்று லாம்டாவாக மாற, பையான் ஒன்று வெளியேறுகிறது. உள்ளே போன சக்தியையும் வெளியே வந்த சக்தியையும் கழித்துப் பார்த்தால் பிணைப்பின் அளவு தெரிந்துவிடும். ஜப்பானில் டோகாய் கிராமத்து ஆராய்ச்சிச் சாலையில் இவ்வேலை நடைபெறுகிறது.

இதனால் என்ன பிரயோஜனம் என்று நேயர்கள் கேட்கலாம். நியூட்ரான் நக்ஷத்திரத்தின் நடுவே நெருக்கம் மிகும்போது லாம்டா தானே தோன்றும் என்கிறது கணக்கு. தோன்றினால் உள்ளிருந்து தாங்கும் பலம் குறையும்; இரண்டு சூரியன்களின் கனத்தை அந்த நக்ஷத்திரம் சுமக்க இயலாது. ஆனால் 2010-ல் அளந்த ஒரு நக்ஷத்திரம் ஏறக்குறைய அவ்வளவு கனமுடையதாக இருந்தது! நக்ஷத்திரம் பொய் சொல்லாது. கணக்கில்தான் ஏதோ விட்டுப்போயிருக்கிறது. அதைத் தேடவே விஞ்ஞானிகள் இந்தக் கணநேர விருந்தாளியை நிறுத்து நிறுத்துப் பார்க்கிறார்கள்.