கம்பளி என்னும் பெயர் மட்டும் போதுமா?

வீடு திரும்பவிருக்கும் முதியவரின் மகளோ மருமகளோ புறப்படும் வேளையில் தயங்கியபடி கேட்பதுண்டு: "இரவில் எதைப் போர்த்துவது?" மருந்துச் சீட்டில் இதற்கு விடை இராது. ஆயினும், நாளின் பெரும்பகுதியைப் படுக்கையிலேயே கழிப்பவருக்குப் போர்வை என்பது சிறிய செய்தி அன்று.

வசதி இருப்பின் உண்மையான ஆட்டுக் கம்பளி ஒன்றை வாங்குங்கள் என்பதே என் கருத்து. அதன் சுருண்ட இழைகளுக்கிடையே தங்கும் காற்று குளிரைத் தடுக்கிறது. செயற்கை இழைப் போர்வையும் இதைச் செய்யும். கம்பளியின் தனிச்சிறப்பு வியர்வையைக் கையாளும் விதத்தில் உள்ளது. தன் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை இழைக்குள் வாங்கிக்கொண்ட பின்னும் அது தொடுவதற்கு நனைந்ததாகத் தோன்றாது. பாலியெஸ்டர் இழையோ நூற்றில் ஒரு பங்கு ஈரத்தைக்கூட உள்வாங்குவதில்லை. நள்ளிரவில் வியர்த்து, பின்னர் அந்த ஈரத்திலேயே நடுங்கும் நோயாளிக்கு இவ்வேறுபாடு உறக்கத்தையே தீர்மானிக்கக் கூடியது.

சிக்கல் கடைவீதியில் தொடங்குகிறது. தடித்த போர்வை எதுவாயினும் நாம் 'கம்பளி' என்றே அழைக்கிறோம். அப்பெயரில் விற்பவற்றுள் பல அக்ரிலிக் அல்லது பாலியெஸ்டரால் ஆனவை. எனவே, பொருளின் பெயரைக் கேட்பதோடு நில்லாமல், இழையின் பெயரையும் சீட்டில் படித்துப் பாருங்கள். ஐயம் எழுந்தால், ஓர் இழையைப் பிரித்தெடுத்து, நோயாளியின் அறைக்கு வெளியே, இடுக்கியில் பிடித்து எரித்துப் பாருங்கள். ஆட்டு மயிர் எனில் முடி கருகும் நாற்றம் எழும். எஞ்சும் கரி விரலில் நொறுங்கும். செயற்கை இழை உருகி, ஆறியபின் கெட்டியான மணியாக இறுகும். தீ விபத்தின்போது உருகித் தோலில் ஒட்டுவதும் இவ்வகை இழையே. கம்பளியோ எளிதில் தீப்பற்றாது. எனினும், ஆக்சிஜன் பயன்படுத்தும் வீட்டில் எந்தப் போர்வையை நம்பியும் நெருப்பை அருகில் கொண்டுவரலாகாது.

கம்பளி உறுத்துகிறதே என்பர். உண்மைதான், முரட்டு இழை தோலைக் குத்தும். மெல்லிய பருத்தித் துணியை உடலை ஒட்டிப் போர்த்தி, அதன்மேல் கம்பளியை இடுவதே இதற்கு வழி. நம் வெயிலுக்கு இது எதற்கு என்று வினவுவோரும் உளர். சித்திரை மாதத்துக்கு இதை நான் பரிந்துரைக்கவில்லை. மார்கழிப் பனிக்கும் மலையூர்களுக்கும் குளிரூட்டிய அறைகளுக்குமே சொல்கிறேன்.

கம்பளியால் ஆகாதவற்றையும் சொல்லியாக வேண்டும். கொதிநீரில் துவைத்தால் அது சுருங்கிவிடும். ஆகவே, அடிக்கடி வெந்நீரில் வெளுக்க வேண்டிய மருத்துவமனைப் படுக்கைக்குப் பருத்தியே ஏற்றது. காய்ச்சல் கொதிக்கும்போது கனத்த போர்வைகளை அடுக்குவது தவறு. ஒரு வயது நிரம்பாத குழந்தையின் படுக்கையில் தளர்வான போர்வை எதுவும் இருத்தலாகாது.

படுக்கைப் புண்ணைக் குறித்தும் ஒரு சொல். மெல்பர்ன் நகர மருத்துவமனை ஒன்றில் நடந்து 2004-ஆம் ஆண்டு வெளியான ஆய்வில், மயிர் நீக்காத ஆட்டுத்தோல் விரிப்பில் படுத்தோருக்கு அப்புண் குறைவாகவே வந்தது. அது மருத்துவப் பயன்பாட்டுக்கென்றே செய்யப்பட்ட விரிப்பு. அப்பயனைச் சாதாரணக் கம்பளியிடம் எதிர்பார்க்க இயலாது. எந்த விரிப்பாயினும், தாமே புரண்டு படுக்க இயலாதவரை ஏறத்தாழ இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்கவைத்து, குதிகாலையும் இடுப்பையும் நாள்தோறும் பார்ப்பது தவிர்க்கவியலாத கடமை. அவருக்கேற்ற கால இடைவெளியைச் செவிலியரிடம் கேட்டறியுங்கள்.

நல்ல போர்வை நோயைத் தீர்ப்பதில்லை. நோயாளியையும், அருகில் விழித்திருப்பவரையும், ஓரிரு மணி நேரம் கூடுதலாக உறங்கவைக்கலாம். பல நாள் உறங்காதவர்க்கு அதன் அருமை தெரியும்.