யாரும் பாராத ஆட்டம்

சென்ற கோடை விடுமுறையில் என் தம்பி வீட்டிற்குச் சென்றிருந்தேன். ஏழாம் வகுப்பில் பயிலும் அவன் மகன், யாரிடமும் பேசாமல் சுவரைப் பார்த்தவாறு அமர்ந்திருந்தான். பள்ளி மாணவர்களுக்கென இணையவழியில் நடைபெற்ற சதுரங்கப் போட்டியில் நான்கு சுற்றுகளைத் தொடர்ந்து வென்ற பிள்ளை அவன். ஐந்தாம் சுற்று முடிந்ததும் அவன் பெயர் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டுவிட்டது. காரணம் கேட்டேன். நெடுநேரம் கழித்து மெல்லச் சொன்னான்: "பெரியத்தா, நான் ஆடவில்லை. அத்தாதான் ஆடினார்கள்."

நடந்தது இதுதான். எதிராளி காய் நகர்த்தும்போதெல்லாம் தம்பி அதைத் தன் கைப்பேசியிலுள்ள சதுரங்க மென்பொருளில் இட்டு, அது காட்டிய விடையை மகனின் காதில் சொல்லியிருக்கிறான். "ஒரு சான்றிதழ் கிடைத்தால் பள்ளியில் பிள்ளைக்குப் பெயர் வருமே, அண்ணே" என்பது அவன் வாதம்.

1997இல் டீப் புளூ என்னும் கணினி உலக வாகையர் காஸ்பரோவை வென்றபோது உலகம் வியந்தது. இன்று நம் சட்டைப்பையிலுள்ள கைப்பேசியே எந்த மனிதரையும் வெல்லும் ஆற்றலுடையது. ஆதலால் இணையப் போட்டியில் குறுக்குவழி கையெட்டும் தொலைவிலேயே இருக்கிறது. ஆனால் அது மறைவதில்லை. பிள்ளையின் நகர்த்தல்கள் கணினியின் நகர்த்தல்களோடு எவ்வளவு பொருந்துகின்றன, எளிய நகர்த்தலுக்கும் கடினமான நகர்த்தலுக்கும் ஒரே அளவு நேரம் எடுக்கிறானா என்றெல்லாம் நடத்துவோர் ஒப்பிட்டுப் பார்க்கின்றனர். பெரிய போட்டிகளில் ஆடுபவரின் அறையைக் காட்ட இரண்டாவது கேமராவும் வைக்கச் சொல்கின்றனர்.

இதனால் இணையப் போட்டிகளே வேண்டாம் என்று கூறுவேன் அல்லேன். வெளியூர்ப் பயணம், தங்கும் செலவு, துணைக்கு ஆள் ஆகியவற்றால் தடைபட்டு நின்ற எத்தனையோ பிள்ளைகளுக்கு, குறிப்பாகப் பெண் பிள்ளைகளுக்கு, இவை வாசலைத் திறந்துள்ளன. பெருந்தொற்று பரவிய 2020இல் ஒலிம்பியாடே இணையவழியில் நடந்தது. இளையோரும் இடம்பெற்ற இந்திய அணி, ரஷ்யாவுடன் தங்கத்தைப் பகிர்ந்துகொண்டது. 2022 பிப்ரவரியில் சென்னையைச் சேர்ந்த 16 வயது பிரக்ஞானந்தா, இணையவழி ஆட்டமொன்றில் உலக வாகையர் கார்ல்சனை வென்றார். அதே ஆண்டு மே மாதம், மற்றோர் இணையப் போட்டியில் நள்ளிரவு கடந்தும் ஆடிவிட்டு, காலையில் பள்ளித் தேர்வுக்குச் சென்றார். திரைக்கு முன் அமர்ந்து பெற்ற வெற்றிதான். ஆயினும் அது அவருடைய மூளை உழைத்துப் பெற்றது.

பணம் கட்டிப் பணம் வெல்லும் ஆட்டங்கள் வேறு, இவை வேறு. முன்னவற்றைத் தடைசெய்யும் சட்டத்தை நாடாளுமன்றம் 2025 ஆகஸ்டில் இயற்றியது. பிள்ளையின் பெயரைப் பதிவு செய்யுமுன், போட்டி எவ்வகையைச் சேர்ந்தது என்பதைப் பெற்றோர் பார்த்துக்கொள்வது கடமை.

சதுரங்கம் நமக்குப் புதிதன்று. பத்தாம் நூற்றாண்டு பக்தாதில், அப்பாஸிய கலீஃபாக்களின் அவையில் புகழ்பெற்றிருந்த அஸ்ஸூலி என்னும் அறிஞர் சதுரங்கப் புதிர் ஒன்றை அமைத்தார். ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகள் அது ஆட்டக்காரர்களைத் திணறவைத்தது. விடை கிடைக்காமல் தவித்த அந்தத் தவிப்பில்தான் அறிவு வளர்ந்தது. விடையைக் காதில் ஓதிவிட்டால், பிள்ளையிடமிருந்து நாம் பறிப்பது அந்தத் தவிப்பைத்தான்.

அன்றிரவு தம்பியிடம் ஒன்றுதான் கேட்டேன்: "நாளை இவன் கடைக் கணக்கைத் திருத்தினால் எந்த முகத்தோடு கண்டிப்பாய்?" அவன் தலைகுனிந்தான். மறுநாள் மகனை அழைத்து, "தவறு என்னுடையது" என்றான். ஒரு தகப்பனுக்கு அது எளிதான சொல் அன்று.

இப்போது அவ்வீட்டில் புதிய வழக்கம் ஒன்று உண்டு. போட்டி நேரத்தில் பிள்ளை கூடத்தில் அமர்கிறான். வீட்டார் கைப்பேசிகளெல்லாம் அடுக்களை அலமாரியில் இருக்கின்றன. சென்ற வாரம் தொலைபேசியில் பேசினான்: "பெரியத்தா, ஏழு சுற்றில் நான்கு தோற்றுவிட்டேன். ஆனால் மூன்றும் நானே வென்றது!"

அறையில் யாரும் இல்லாதபோதும் பார்ப்பவன் ஒருவன் இருக்கிறான் என்பதை நம் பிள்ளைகளுக்கு வாயால் சொல்லித் தருகிறோம். அதை அருகில் அமர்ந்து நாமே மறந்துவிடலாகாது.