சாவி யார் கையில்?

ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பது நம் முன்னோர் வாக்கு. அளந்து போட்டால் மட்டும் போதாது, போட்ட இடத்தின் சாவி யாரிடம் இருக்கிறது என்பதையும் பார்த்தே போட வேண்டும் என்று சொல்ல வேண்டிய காலம் வந்திருக்கிறது.

நம் சங்க உறுப்பினர் ஒருவர், மளிகைக் கடை வைத்திருப்பவர், ஒரு நாள் சங்க அலுவலகத்திற்கு வந்தார். கைப்பேசியைத் திறந்து காட்டினார். தீபாவளிச் சரக்குக்கென்று ஒதுக்கி வைத்திருந்த பணத்தில் டிஜிட்டல் நாணயம் வாங்கி, அதை வாங்கிய எக்ஸ்சேஞ்சிலேயே விட்டு வைத்திருக்கிறார். "கணக்குல தொகை தெரியுதுண்ணே. எடுக்கத்தான் முடியல" என்றார். மொத்த வியாபாரிக்குச் சொன்ன தவணைக்கு இன்னும் எட்டு நாள்தான் இருந்தது. அன்றைக்கு நம்மால் அவருக்கு ஆறுதல் மட்டுமே சொல்ல முடிந்தது. வேறு எந்த உறுப்பினரும் அந்த நிலைக்கு வந்துவிடக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறோம்.

பிட்காயின் போன்ற நாணயங்களை வாங்குவது நல்லதா கெட்டதா என்ற வாதத்திற்குள் நாம் போகவில்லை. விலை ஏறுவதும் இறங்குவதும் போடிக்காரர்களுக்குப் புதிதல்ல. 2019 ஆகஸ்டில் புற்றடி ஏலத்தில் கிலோ 7,000 ரூபாய்க்குப் போன ஏலக்காய், மூன்று ஆண்டுக்குள் சராசரி விலையில் ஆயிரம் ரூபாய்க்கும் கீழே இறங்கியதை நாம் கண்ணால் பார்த்தவர்கள். ஆனால் விலை எவ்வளவு இறங்கினாலும் மூட்டை நம் ஸ்டோரில் இருந்தது. இன்றில்லாவிட்டால் நாளை விற்கலாம் என்ற தைரியமும் இருந்தது. இங்கே நாம் பேசுவது மூட்டையே காணாமல் போகும் ஆபத்தைப் பற்றி.

எக்ஸ்சேஞ்ச் என்பது என்ன?

டிஜிட்டல் நாணயம் என்பது கையில் பிடிக்கும் காசு அல்ல. உலகெங்கும் உள்ள கணினிகள் சேர்ந்து எழுதிவரும் ஒரு பொதுப் பேரேட்டில் உள்ள வரவு அது. அந்த வரவை இன்னொருவர் பேருக்கு மாற்றுவதற்கு ஒரு ரகசிய எண் வேண்டும். அதைத்தான் சாவி என்கிறோம். சாவி யாரிடமோ அவரே நடைமுறையில் சொந்தக்காரர். கையெழுத்து ஒப்பிட்டுப் பார்க்க அங்கே வங்கி மேலாளர் கிடையாது. தவறிப் போய்விட்டால் திருப்பித் தரச் சொல்லி மனுக் கொடுக்கவும் இடம் கிடையாது.

எக்ஸ்சேஞ்ச் என்பது இந்த நாணயங்களை வாங்கி விற்கும் சந்தை. அங்கே வாங்கியதை அங்கேயே விட்டுவிட்டால் சாவி எக்ஸ்சேஞ்சிடம் இருக்கும். நம் கைப்பேசியில் தெரிவது நம் பேரில் அவர்கள் எழுதி வைத்திருக்கும் பற்று வரவு மட்டுமே. அடுத்தவர் குடோனில் சரக்கை இறக்கிவிட்டுத் துண்டுச் சீட்டை வாங்கி வருவதற்கும் இதற்கும் வேறுபாடில்லை. குடோன்காரர் நாணயமானவராகவும், குடோன் பூட்டு உறுதியானதாகவும் இருக்கும் வரைதான் அந்தச் சீட்டுக்கு மதிப்பு.

நடந்தவை சில

ஜப்பானில் டோக்கியோ நகரிலிருந்து நடந்த மவுண்ட் காக்ஸ் என்ற எக்ஸ்சேஞ்ச் 2014 பிப்ரவரியில் திவாலானது. சுமார் 8,50,000 பிட்காயின்களைக் காணவில்லை என்றார்கள். பிறகு அதில் சுமார் 2,00,000 மட்டும் கிடைத்தது. வாடிக்கையாளர்கள் தங்கள் பங்கைக் கண்ணில் பார்க்கப் பத்தாண்டு காத்திருக்க வேண்டியதாயிற்று.

கனடாவின் குவாட்ரிகா எக்ஸ்சேஞ்சின் அதிபர் 2018 டிசம்பரில் நம் நாட்டுக்கு வந்த இடத்தில் ஜெய்ப்பூரில் காலமானார். சாவிகள் அவர் ஒருவருக்கே தெரியும் என்று சொல்லி எக்ஸ்சேஞ்சை மூடினார்கள். ஒன்டாரியோ மாநிலத்தின் பத்திரங்கள் ஆணையம் விசாரித்து 2020-ல் தந்த அறிக்கையில், வாடிக்கையாளர் பணத்தின் பெரும்பகுதியை அவர் உயிரோடிருக்கும்போதே மோசடியாகக் கரைத்துவிட்டதாகக் கூறியது.

2022 நவம்பரில் எப்.டி.எக்ஸ். விழுந்தது. வாடிக்கையாளர் நாணயங்களை அதன் அதிபர் தம்முடைய இன்னொரு நிறுவனத்தின் வியாபாரத்துக்கு எடுத்துக் கொடுத்திருந்தார். 2024 மார்ச்சில் அமெரிக்க நீதிமன்றம் அவருக்கு 25 ஆண்டு சிறைத் தண்டனை விதித்தது.

நம் நாட்டு அனுபவம்

வெளிநாட்டுக் கதை நமக்கெதற்கு என்பவர்கள், நம் நாட்டின் பெரிய எக்ஸ்சேஞ்சுகளில் ஒன்றான வாசிர்எக்ஸ் பட்டபாட்டைக் கவனிக்க வேண்டும். 2024 ஜூலை 18 அன்று அதன் ஒரு வாலட்டிலிருந்து சுமார் 2,000 கோடி ரூபாய் மதிப்புள்ள நாணயங்கள் திருடப்பட்டன. அது எக்ஸ்சேஞ்சின் மொத்த இருப்பில் ஏறக்குறைய 45 சதவீதம். அந்த வாலட்டுக்குப் பூட்டு இல்லாமல் இல்லை. ஒருவர் கையெழுத்தில் திறக்க முடியாதபடி, நிறுவனத்தார் மூவரும் பாதுகாப்புக்கென அமர்த்திய வேறொரு நிறுவனமும் சேர்ந்து ஒப்பினால்தான் திறக்கும் என்ற ஏற்பாடு இருந்தது. அப்படியும் போனது. திரையில் தெரிந்த விவரம் ஒன்று, உண்மையில் கையெழுத்தானது வேறொன்று என்று எக்ஸ்சேஞ்ச் சொன்னது. எங்கள் பக்கம் பழுதில்லை என்று பாதுகாப்பு நிறுவனம் சொன்னது. வட கொரியாவைச் சேர்ந்த கும்பலின் வேலை இது என்று அமெரிக்கா, ஜப்பான், தென் கொரியா ஆகிய 3 நாடுகளும் 2025 ஜனவரியில் கூட்டாக அறிவித்தன.

முதலீட்டாளர்கள் கணக்கு அன்றோடு முடக்கப்பட்டது. வழக்கு நடந்தது மும்பையிலும் அல்ல, டெல்லியிலும் அல்ல, சிங்கப்பூர் உயர் நீதிமன்றத்தில்! தாய் நிறுவனம் அங்கே பதிவானது என்பதே காரணம். அங்கு ஒப்புதல் கிடைத்து 2025 அக்டோபரில் எக்ஸ்சேஞ்ச் மீண்டும் திறக்கப்படும் வரை பதினைந்து மாதம் நாணயம் வைத்திருந்தவர்கள் காத்திருந்தார்கள். ஒரு மளிகைக் கடைக்காரரின் முதல் பதினைந்து மாதம் முடங்கினால் கடை என்னவாகும் என்பதை நாம் விளக்க வேண்டியதில்லை.

இதில் நமக்குப் பாடமாகும் ஒரு வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்திற்கு வந்தது. திருட்டுப் போனது ஒரு வகை நாணயம். வழக்குத் தொடுத்தவர் வைத்திருந்ததோ எக்ஸ்.ஆர்.பி. என்ற வேறு வகை. ஆனாலும் அவர் கணக்கும் முடங்கியது. நஷ்டத்தை எல்லோரும் பங்கிட்டுக்கொள்ள வேண்டும் என்றது எக்ஸ்சேஞ்ச். பக்கத்து மூட்டை களவு போனதற்கு நம் மூட்டையிலிருந்து அளந்து கொட்டச் சொல்வது போன்றது இது. நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் 2025 அக்டோபரில் வழங்கிய உத்தரவில், இத்தகைய நாணயமும் ஒரு சொத்தே, ஒருவருக்காக இன்னொருவர் பொறுப்பேற்று வைத்திருக்கத் தக்கதே என்று தெளிவாகக் கூறி, வழக்குத் தொடுத்தவருக்குப் பாதுகாப்பு வழங்கினார். வரவேற்க வேண்டிய தீர்ப்பு. ஆனால் நீதிமன்றப் படியேறி வழக்கறிஞர் வைத்து வாதாட எத்தனை சிறு வியாபாரிகளால் முடியும்?

எல்லா எக்ஸ்சேஞ்சும் ஏமாற்றுகிறது என்று நாம் சொல்லவில்லை. 2025 ஜூலையில் காயின்டிசிஎக்ஸ் என்ற நம் நாட்டு எக்ஸ்சேஞ்சில் 4.4 கோடி டாலர் திருடப்பட்டபோது, போனது நிறுவனத்தின் சொந்தக் கணக்கிலிருந்துதான், நஷ்டத்தை நாங்களே ஏற்கிறோம் என்று அவர்கள் அறிவித்தார்கள். அதே ஆண்டு பிப்ரவரியில் பைபிட் எக்ஸ்சேஞ்சிலிருந்து சுமார் 150 கோடி டாலர் போன பிறகும், அது கடன் வாங்கி வாடிக்கையாளருக்குக் கொடுத்துச் சமாளித்தது. ஆனால் நம் பணம் திரும்பி வருவது அவர்களுடைய பெருந்தன்மையையும் கையிருப்பையும் நம்பி இருக்கலாகாது.

நம் ஏலச் சந்தையைப் பாருங்கள்

போடியிலும் புற்றடியிலும் தோட்டக்காரர் தம் காயை ஏலம் நடத்துபவரிடம்தான் ஒப்படைக்கிறார். அதுவும் அடுத்தவர் கையில் கொடுப்பதுதான். ஆனால் அவர் நறுமணப் பொருள் வாரியத்தின் உரிமம் பெற்றவர். பிணை வைத்தவர். தவறினால் உரிமத்தை ரத்து செய்ய மேலே ஓர் அமைப்பு இருக்கிறது. அங்கும் பணம் தாமதமாகிச் சிரமப்பட்டவர்கள் உண்டு என்பதை மறைக்கவில்லை. ஆனாலும் போய்க் கேட்பதற்கு ஓர் இடம் உண்டு. வங்கியில் போட்ட பணத்துக்கு 2020 முதல் 5 லட்சம் ரூபாய் வரை காப்பீடு உண்டு. எக்ஸ்சேஞ்சில் விட்டு வைத்த நாணயத்துக்கு இந்த இரண்டும் கிடையாது.

வரி மட்டும் உண்டு. 2022 ஏப்ரல் முதல் இதில் வரும் லாபத்துக்கு 30 சதவீதம் வரி. அதே ஆண்டு ஜூலை முதல் விற்கும் ஒவ்வொரு முறையும் 1 சதவீதம் பிடித்தம். ஒரு நாணயத்தில் வந்த நஷ்டத்தை இன்னொன்றின் லாபத்தில் கழிக்கவும் முடியாது. 2023 மார்ச் முதல் எக்ஸ்சேஞ்சுகள் கறுப்புப் பணத் தடுப்புச் சட்டத்தின் கீழ் வந்துவிட்டன. அது அரசுக்குக் கணக்குக் காட்டுவதற்கான ஏற்பாடு, வாடிக்கையாளர் பணத்துக்கான காவல் அல்ல. "அரசாங்கத்தில் பதிவு பெற்றது" என்ற விளம்பரத்தைப் பார்த்து யாரும் ஏமாந்துவிடலாகாது.

சாவியைக் கையில் வைத்திருப்பவர்கள் கவனத்திற்கு

முதல் வார்த்தையாக, கடை முதலை இதில் போடாதீர்கள். மொத்த வியாபாரிக்குச் சேர வேண்டிய பணம் நம் பணமே அல்ல. போனாலும் அடுப்பு எரியும் என்ற அளவிலுள்ள சொந்தச் சேமிப்பை மட்டுமே எண்ணிப் பார்க்கலாம்.

ஏற்கெனவே வாங்கி வைத்திருப்பவர்கள், நெடுநாள் வைத்திருக்கும் எண்ணமிருந்தால், அதைத் தங்கள் சொந்த வாலட்டுக்கு மாற்றிக்கொள்ளலாம். இதற்கென்றே பென்டிரைவ் போன்ற சிறு கருவிகள் உள்ளன. சாவி அந்தக் கருவிக்குள்ளேயே இருக்கும், இணையத்துக்குப் போகாது. கருவியைத் தயாரித்த நிறுவனத்திடமே நேராக வாங்க வேண்டும். அடுத்தவர் பயன்படுத்தியதைத் தொடவே கூடாது.

கருவியைத் தொடங்கும்போது 12 அல்லது 24 சொற்கள் கொடுக்கும். கருவி உடைந்தாலும் தொலைந்தாலும் இந்தச் சொற்களைக் கொண்டு நாணயத்தை மீட்கலாம். அதே சொற்களைக் கொண்டு திருடனும் எடுத்துக்கொள்ளலாம். ஆகவே அவற்றைக் கைப்பேசியில் படம் எடுத்து வைக்காதீர்கள், வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள். கையால் எழுதி இரண்டு இடங்களில் வையுங்கள். மலையில் ஈரம், ஊரில் கரையான், இரண்டையும் மனதில் வைத்து வையுங்கள். "எக்ஸ்சேஞ்சிலிருந்து பேசுகிறோம், அந்தச் சொற்களைச் சொல்லுங்கள்" என்று எவர் கேட்டாலும் அவர் திருடரே.

சொந்தச் சாவியிலும் ஆபத்து உண்டு. பிரிட்டனில் நியூபோர்ட் நகரத்தில் ஒருவரின் பழைய ஹார்டு டிஸ்க் 2013-ல் குப்பையோடு போய்விட்டது. அதில் சுமார் 8,000 பிட்காயின்களின் சாவி இருந்தது. குப்பைக் கிடங்கைத் தோண்ட அனுமதி கேட்டு அவர் தொடுத்த வழக்கும் 2025 ஜனவரியில் தள்ளுபடியானது. நம் வீடுகளில் பெட்டிச் சாவி எங்கே என்று இல்லத்தரசிக்குத் தெரியும். இந்தச் சாவி இருக்கும் இடமும் குடும்பத்தில் நம்பிக்கையான ஒருவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

பணம் பறிபோனது தெரிந்தால் வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். உடனே 1930 என்ற எண்ணுக்குப் பேசிப் புகாரைப் பதிவு செய்யுங்கள். ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம்.

அரசுக்கு நம் கோரிக்கை

வரி வாங்கும் கைக்குக் காவல் காக்கும் கடமையும் உண்டு. வாடிக்கையாளர் நாணயத்தைத் தன் சொந்தக் கணக்கோடு எக்ஸ்சேஞ்ச் கலக்கக் கூடாது. இருப்பை வெளித் தணிக்கையாளர் குறித்த காலத்தில் சரிபார்த்து வெளியிட வேண்டும். ஏலம் நடத்துபவரைப் போல எக்ஸ்சேஞ்சும் பிணை வைக்க வேண்டும். தகராறு வந்தால் சிங்கப்பூருக்கு ஓடாமல் இந்த மண்ணிலேயே தீர்த்துக்கொள்ள வழி வேண்டும். இவற்றைச் சட்டமாக்க வேண்டும் என்று மத்திய அரசைக் கேட்டுக்கொள்கிறோம்.

அந்த உறுப்பினருக்கு மொத்த வியாபாரி இரண்டு மாதம் தவணை நீட்டித் தந்தார். பல ஆண்டுப் பழக்கம், சொன்ன தேதியில் பணம் வரும் என்ற நம்பிக்கை. தமிழில் காசுக்கும் நேர்மைக்கும் நாணயம் என்று ஒரே சொல்தான். அன்று அந்தக் கடையின் ஷட்டர் இறங்காமல் காத்தது அவர் கைப்பேசியில் இருந்த நாணயம் அல்ல, இந்தக் கடைவீதியில் அவர் சேர்த்து வைத்திருந்த நாணயம். அதன் சாவியை எந்தக் காலத்திலும் வேறு எவரிடமும் கொடுத்துவிட வேண்டாம் என்று வணிகப் பெருமக்களைக் கேட்டுக்கொள்கிறோம்.