சாவி கொடுக்கிற வாட்ச்

கைக்கடிகாரக் கடையில் முதல் கேள்வி "யாருக்கு?" என்று வந்திருக்க வேண்டும். "எவ்வளவுக்குள்ள பாக்குறீங்க சார்?" என்று வந்தது. அந்த எரிச்சல் இந்த வாரம் முழுக்க ஆறவில்லை.

பாகூர் ஏரியைப் பற்றி எழுதும்போதெல்லாம் இந்தப் பத்தியில் தலைகாட்டும் நண்பரை உங்களுக்குத் தெரியும். மதகில் என்னோடு குதித்துக் குளித்தவர், இன்று வில்லியனூர்ப் பக்கத்தில் அரிசி ஆலையும் கல்யாண மண்டபமும் வைத்திருக்கிறார். அவருக்கு அறுபதாம் கல்யாணம் வருகிறது. பள்ளிக்கூடத்துக் கூட்டாளிகள் பணம் போட்டு வாட்ச் வாங்கித் தருவது என்று முடிவு செய்து, "நீயே பாத்து வாங்கிடுடா" என்று பொறுப்பை என்னிடம் விட்டுவிட்டார்கள். அவர் வீட்டு இழுப்பறையில் ஏற்கெனவே சுவிஸ் வாட்சுகள் வரிசையாகக் கிடக்கின்றன. எங்கள் எல்லார் பணத்தையும் சேர்த்தாலும் அதில் ஒன்றின் செயினுக்குத்தான் வரும்.

கடைக்காரர் விடவில்லை. "சுவிஸ் வாட்சுக்கு வரி குறையுது சார், இன்னும் கொஞ்சம் போட்டு அதையே எடுத்துடுங்க" என்றார். அவர் சொன்ன செய்தி உண்மைதான். சுவிட்சர்லாந்து உட்பட நான்கு ஐரோப்பிய நாடுகளுடன் இந்தியா 2024 மார்ச்சில் கையெழுத்திட்ட வர்த்தக ஒப்பந்தம் 2025 அக்டோபர் 1 முதல் நடப்புக்கு வந்துவிட்டது. இறக்குமதி வரி படிப்படியாகக் குறையும். இந்த வரிக்குறைப்பு யாருக்கு லாபம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் பரிசு, பணக்காரர் என்று யோசிக்க ஆரம்பித்ததுமே கை ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பை எடுத்துவிட்டது. "மறுபடியும் பிள்ளையா?" என்று கேட்கும் வாசகர்கள் இந்த வாரமும் பொறுத்துக்கொள்ள வேண்டும். பரிசு கொடுப்பதைப் பற்றி இவ்வளவு கூர்மையாகப் பார்த்து எழுதிய இன்னொருவரை நான் படித்ததில்லை.

புதுச்சேரியின் பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேக்சின் துபாஷியாக இருந்த பிள்ளை 1736 செப்டம்பரில் எழுதத் தொடங்கி, 1761இல் தம் இறுதிக் காலம் வரைக்கும் எழுதினார். தமிழ் ஆண்டு, மாதம், தேதி, கிழமை, பல இடங்களில் மணியும் போட்டு எழுதுவார். கோட்டையில் எத்தனை பீரங்கி போட்டார்கள், யார் வீட்டுக்குச் சகலாத்துத் துணி போயிற்று, யார் நஜர் வைத்தார்கள் எதையும் விடமாட்டார். அந்த ஏடுகள் 1846இல் கல்வா மோம்பிரோன் என்பவர் கண்ணில் படாமல் போயிருந்தால் நமக்குக் கிடைத்தே இருக்காது. பிரபஞ்சன் 'மானுடம் வெல்லும்', 'வானம் வசப்படும்' என்று இரண்டு நாவல்களை இதிலிருந்துதான் எடுத்தார். இரண்டாவதற்கு 1995இல் சாகித்திய அகாதமி விருது கிடைத்தது. நாவல்களைப் படித்தவர்கள் அதோடு நிறுத்திவிடாமல் நாட்குறிப்புக்கும் வர வேண்டும் என்பது என் தீராத ஆசை.

பிள்ளை காட்டும் உலகத்தில் பரிசுக்கு ஏணி உண்டு. சிறியவர் பெரியவருக்கு வைப்பது நஜர். பெரியவர் சிறியவருக்குத் தருவது கில்லத்து, மரியாதை உடை. தட்டில் என்ன வருகிறது என்று பார்த்தாலே யார் மேலே, யார் கீழே என்று தெரிந்துவிடும். அங்கே இருவர் சமமாக உட்கார்ந்து ஒரு பொருளை வாங்கிக்கொள்ளவே முடியாது. சக்திக்கு மீறிப் பணம் போட்டு நண்பனுக்கு சுவிஸ் வாட்ச் வாங்கினால் அதுவும் நஜர்தான். அறுபது வயதில், கூட மண்ணில் புரண்டவனுக்கு நான் ஏன் நஜர் வைக்க வேண்டும்?

அந்த ஏணியில் நம் ஊரும் ஒரு படியாகக் கிடந்தது. பிறகு ஆற்காட்டு நவாபான சந்தா சாகிபு மராட்டியரிடம் சிறைப்பட்டிருந்த ஆண்டுகளில் அவர் குடும்பத்துக்குப் புதுச்சேரி அடைக்கலம் கொடுத்தது. அவர் விடுதலையாகி வந்தார். 1749இல் ஆம்பூர்ப் போரில் பிரெஞ்சுப் படை அவர் பக்கம் நின்றது. அந்த நன்றிக்கு 1749-50இல் அவரும் அவர் கூட்டாளி முசாபர் ஜங்கும் துய்ப்ளேக்சின் கும்பினிக்குக் கொடுத்தவற்றில் வில்லியனூரும் பாகூரும் அடக்கம். இன்று வில்லியனூரிலிருந்து பாகூருக்குப் போகும் வழியில் புதுச்சேரியும் தமிழ்நாடும் மாறி மாறி வருகின்றன. வரைபடம் இப்படித் துண்டு துண்டாகக் கிடப்பதற்கு அன்றைய கொடைகளும் ஒரு காரணம். ஏரிப் பாசனத்தில் நாற்று நட்டுக்கொண்டிருந்தவர்களை யாரும் கேட்டுவிட்டுக் கொடுக்கவில்லை.

கொடுத்தவர்களும் வாங்கியவரும் என்ன ஆனார்கள்? முசாபர் ஜங் 1751இல் கொல்லப்பட்டார். சந்தா சாகிபு 1752இல் தலையை இழந்தார். துய்ப்ளேக்சை 1754இல் பாரிசுக்குத் திருப்பி அழைத்துக்கொண்டார்கள். கும்பினியிடம் தன் பணத்தைக் கேட்டுக் கேட்டே 1763இல் வறுமையில் செத்தார்.

இதே பாகூர் வேறொரு கொடையும் பார்த்திருக்கிறது. 1879இல் கிடைத்த பாகூர்ச் செப்பேடுகளில், ஒன்பதாம் நூற்றாண்டில் பல்லவன் நிருபதுங்கவர்மன் காலத்தில் பாகூர்க் கல்விச்சாலைக்கு மூன்று ஊர்களைக் கொடுத்த செய்தி இருக்கிறது. அந்த ஊர்களின் வருமானம் படிப்பவர்களுக்கும் படிப்பிப்பவர்களுக்கும் போயிற்று. ஊரைத் தூக்கிக் கொடுப்பது இரண்டிலும் உண்டு; ஆனாலும் பல்லவன் கொடையை என்னால் மதிக்க முடிகிறது, நவாபின் கொடையை முடியவில்லை.

வாட்சுக்கு வருகிறேன். முதலில் டைட்டன் எட்ஜ் பார்த்தேன். டாடாவும் தமிழக அரசின் டிட்கோவும் சேர்ந்து 1984இல் தொடங்கிய நிறுவனம். ஓசூரில் மூன்றரை மில்லிமீட்டர் கனத்துக்கு வாட்ச் செய்து காட்டியது பெருமைக்குரிய வேலை. ஆனால் அது செல் போடுகிற வாட்ச், கட்டிவிட்டால் மறந்துவிடலாம். எனக்கு அவர் மறக்காத ஒன்று வேண்டும். அதனால் எச்.எம்.டி. ஜனதா. ஜப்பானின் சிட்டிசன் கூட்டுறவோடு 1961இல் பெங்களூரில் எச்.எம்.டி. வாட்ச் செய்யத் தொடங்கியது. 2016இல் மத்திய அரசு அந்த வாட்ச் நிறுவனத்தை மூட முடிவெடுத்தது. பதினேழு கல் வைத்த மெஷின், நொடிக்கு ஐந்து துடிப்பு, தினம் காலையில் சாவி கொடுக்க வேண்டும். எங்கள் வாத்தியார்கள், பஞ்சாயத்து குமாஸ்தாக்கள், பஸ் கண்டக்டர்கள் கையில் இருந்தது இதுதான். எங்கள் நண்பரின் அப்பா கையிலும் இதுதான் இருந்தது. அதற்கு விலைப் போட்டியில் இடமே கிடையாது, ஆகவே இதில் நஜர் இல்லை.

வாங்கப் போகிறவர்கள் கவனிக்க: பழைய மெஷினில் புது வர்ணம் அடித்த டயலைப் பொருத்தி எச்.எம்.டி. என்று விற்கிறார்கள். நிறுவனம் செய்யவே செய்யாத நிறங்களும் எழுத்துகளும் இதில் ஏராளம். பளபளப்பாக இருக்கிறதே என்று ஏமாறாதீர்கள். மூடியைத் திறந்து மெஷினைக் காட்டச் சொல்லுங்கள். கொஞ்சம் மங்கிய அசல் டயல் எவ்வளவோ மேல்.

எனக்குக் கிடைத்த வாட்ச் ஓடுகிறது, ஆனால் ஆயில் சர்வீஸ் செய்தாக வேண்டும். இந்தத் தலைமுறை வாட்ச் ரிப்பேர்க்காரர்கள் செல் மாற்றுகிறார்கள், ஸ்ட்ராப் மாற்றுகிறார்கள். கண்ணில் பூதக்கண்ணாடி மாட்டிக்கொண்டு பேலன்ஸ் சக்கரத்தைக் கழற்றிப் போடத் தெரிந்தவர்கள் அருகிவிட்டார்கள். வில்லியனூர், பாகூர், மண்ணாடிப்பட்டு, நெட்டப்பாக்கம் எந்தக் கொம்யூனிலாவது அப்படி ஒருவர் இன்னும் மேசை போட்டு உட்கார்ந்திருந்தால், கடை எந்தத் தெருவில் என்று ஆசிரியர் முகவரிக்கு ஒரு வரி எழுதுங்கள். விழாவுக்கு முன்பே எழுதுங்கள்.