நோன்பு விளக்கும் எங்கடை ஆக்களின் வயிற்றெரிச்சலும்

2024 மார்ச்சில் பிராங்பேர்ட் நகரின் நடுவில், பிறெஸ்காஸ் என்று எல்லோரும் சொல்லும் தெருவில், பிறையும் நட்சத்திரமும் றமழான் வாழ்த்தும் மின்விளக்குகளாகத் தொங்கின. யேர்மனியின் பெருநகரங்களில் ஒரு நகரசபையே முன்னின்று இப்படிச் செய்தது அதுதான் முதல்தடவை. பிறெஸ்காஸ் என்றால் எங்கள் தமிழில் தீன்தெரு. பகல் முழுக்க நோன்பிருக்கிற சனத்துக்கு வாழ்த்தைத் தீன்தெருவில் கட்டியிருக்கிறார்களே என்று நான் சிரித்தேன். எங்கடை ஆக்களுக்குச் சிரிப்பு வரவில்லை.

வட்ஸ்அப் முழுக்கப் புலம்பல். "நாடு போச்சு." "இனிக் கிறிஸ்மஸ் கொண்டாடவும் விடமாட்டாங்கள்." எழுதினவர்களில் பாதிப்பேர் வெள்ளிக்கிழமை மச்சம் தொடாத சைவப்பழங்கள். கிறிஸ்மஸைக் காப்பாற்ற இவர்களை யார் கேட்டது?

கிறிஸ்மஸுக்கு இங்கே என்ன குறை? றோமர்பேர்க் சந்தை 1393 இலேயே ஏட்டில் பதிவானது. வருடத்தில் 4 தடவை 10 தேவாலயங்களின் 50 மணிகளும் ஒன்றாக அடித்து நகரம் அதிரும். பெரிய வெள்ளியன்று நடனவிடுதிகளில் ஆடக்கூடாது என்று ஹெஸ்ஸன் மாநிலத்தில் சட்டமே இருக்கிறது. அதே தீன்தெரு முடிகிற ஓப்பன்பிளாற்ஸில் மார்கழியில் யூதர்கள் தங்கள் ஹனுக்கா விளக்கை ஆள் உயரத்துக்கு மேலே ஏற்றுகிறார்கள். அதனால் யாருடைய நாடு போனது?

இன்னொன்றையும் கேட்கிறேன். ஹம் காமாட்சி அம்மன் கோவிலுக்கு 2002 இல் குடமுழுக்கு நடந்தது. தேருக்கு நாங்கள் ஆயிரக்கணக்கில் போகிறோம். பொலிஸ் தெருவை மறித்துத் தருகிறது. தீர்த்தத்துக்கு அங்கத்தைய கால்வாய்தான் எங்கள் கீரிமலை. காவடியும் தவிலும் வருகிறதைப் பார்த்து அந்தத் தெருவிலிருக்கிற யேர்மன் கிழவி "நாடு போச்சு" என்றால் நாங்கள் அவவை இனவாதி என்போம். அதே சொல்லைத்தான் நாங்கள் துருக்கிக்காரனைப் பார்த்துச் சொல்கிறோம். அகதி விண்ணப்பத்தோடு வந்திறங்கினவன், பின்னால் வாறவனுக்குக் கதவைச் சாத்துகிறான்.

விளக்குக்கு நகரசபை ஒதுக்கினது 75,000 யூரோ. அது கூடுதல் என்று சொல்கிறவர்களோடு நான் சண்டைபிடிக்க வரவில்லை. எனக்கு விளக்கு பெரிதில்லை, லீவுதான் பெரிது. முதல் பொங்கலுக்கு லீவு கேட்டபோது என் வேலைத்தலத்து மேலாளர், "அப்படி ஒரு பண்டிகை எங்கள் கலண்டரில் இல்லையே" என்றார். இன்றைக்கும் இல்லை. அதனால் இங்கே தைப்பொங்கல் மண்டபம் கிடைக்கிற சனிக்கிழமையில் வருகிறது. சூரியபகவான் பொறுமைசாலி, காத்திருக்கிறார்.

கலண்டர் வானத்திலிருந்து விழுந்ததில்லை. புஸ் உண்ட் பெட்டாக் என்று புரட்டஸ்தாந்துக்காரருக்கு ஒரு புதன்கிழமை விடுமுறை இருந்தது. முதியோர் பராமரிப்புக் காப்புறுதிக்குப் பணம் தேடி 1995 இலிருந்து அதை எடுத்துவிட்டார்கள். சக்சன் மாநிலம் மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. (அந்தக் காப்புறுதிப் பணம் போகிற முதியோர் இல்லங்களில்தான் எங்கள் பெண்கள் பலர் முதுகு நோக நிற்கிறார்கள்.) இலங்கையில் 1966 இலிருந்து 1971 வரை ஞாயிறு விடுமுறையை எடுத்துப் போயாவுக்குக் கொடுத்தது ஞாபகமிருக்கும். பூசைக்குப் போகவேண்டிய கத்தோலிக்கர் வேலைக்குப் போனார்கள். ஆனாலும் எங்களை எரித்த அந்த நாட்டில் பொங்கலுக்கும் தீபாவளிக்கும் நோன்புப் பெருநாளுக்கும் அரச விடுமுறை உண்டு. இங்கே அது இல்லை.

கேட்டால் கிடைக்கும் என்பதற்கும் உதாரணம் இருக்கிறது. 2012 இல் ஹம்பேர்க் மாநிலம் முஸ்லிம் அமைப்புகளோடும் அலவிகளோடும் ஒப்பந்தம் செய்தது. அவர்களுடைய பெருநாட்களில் பிள்ளை பள்ளிக்கூடம் போகாமல் நிற்கலாம், பெற்றோர் வேலைக்குப் போகாமல் நிற்கலாம், விட்ட நேரத்தைப் பிறகு செய்துகொடுக்கவேண்டும். அவர்கள் வருடக்கணக்காகப் பேசி அதை வாங்கினார்கள். நாங்கள் அந்த நேரத்தில் எந்த மண்டபம் மலிவு, பொங்கலுக்கு எந்தப் பாடகரைக் கூப்பிடுவது என்று பேசிக்கொண்டிருந்தோம்.

ஹெஸ்ஸனிலிருக்கிற எங்கடை சங்கங்களும் கோவில் நிர்வாகங்களும் தைப்பொங்கல், தீபாவளி இரண்டு நாளுக்கும் இதே உரிமையைக் கேட்டு வீஸ்பாடனுக்கு ஒரு கடிதம் எழுதட்டும். துருக்கிச் சங்கங்களையும் சேர்த்துக்கொண்டு போனால் பாரம் கூடும், அவர்களுக்கு அனுபவமும் இருக்கிறது. கையெழுத்து வேண்டுமென்றால் முதல் கையெழுத்து நான் போடுகிறேன். வட்ஸ்அப்பில் நாட்டைப் பறிகொடுத்த அண்ணன்மாரும் வந்து இரண்டாவது மூன்றாவதைப் போடுங்கோ.